அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது?



எங்க ஆரணியில தறி வீட்டுப் பிள்ளைங்களுக்கு அறுந்த இழையைச் சேர்க்க யாரும் பாடம் எடுக்கிறதில்ல. அப்பா கையைப் பார்த்தே கத்துக்குவாங்க. அடிக்கிறதும் அப்படித்தான் போல.

1961-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஆல்பர்ட் பண்டூரா செய்த ஆய்வு இதைக் காட்டியது. பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் பலர் அதே மாதிரி அடித்தார்கள்.

"சினிமால கடைசியில வில்லன் அடி வாங்குறானே, பசங்க பார்த்தா என்ன?"ன்னு நானே வாதாடியிருக்கேன். 1965-ல் அதையும் பண்டூரா சோதித்தார். அடித்தவர் தண்டனை வாங்குவதைப் படத்தில் பார்த்த குழந்தைகள் குறைவாகத்தான் அடித்தார்கள். ஆனா ஸ்டிக்கரும் ஜூஸும் தர்றோம்னு சொன்னதும், மத்த குழந்தைங்க அளவுக்கே செய்து காட்டினார்கள். மறக்கவே இல்ல!

போன கந்த சஷ்டிக்கு அக்கா பையன் சூரசம்ஹாரம் பார்த்துட்டு வந்து, ஸ்கேலை வேலா பிடிச்சு தங்கச்சியைக் குத்தினான். சூரனை முருகன் மயிலாவும் சேவலாவும் ஏத்துக்கிட்டதைச் சொன்னேன். "அப்ப இவளும் மயிலாகட்டும் மாமா"ன்னான். சிரிச்சுட்டேன்.

ஆனா குத்தும்போது அவன் கத்தின வார்த்தை புராணத்துல இல்ல. ஆபீஸ் கால் முடிஞ்சு லேப்டாப்பை மூடும்போது நான் சொல்ற வார்த்தை அது.