ஒரு மோட்டார் கூடினால் என்ன?

மலைச் சாலையில் மோட்டார் ஓட்டுவதை யாருக்கும் தீங்கில்லாத இன்பம் என்றுதான் நினைக்கிறோம். பெட்ரோல் நம் காசு. விழுந்தால் உடைவது நம் எலும்பு. கூட்டாளிகள் 4 பேர் ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில் 6 நாள் சுற்றப் போனபோது வீட்டில் சொன்னதும் இதே நியாயம்தான். சாலையோரத்தில் குடியிருப்பவர் இந்தக் கணக்கில் வரவே இல்லை.

அவர் சத்தம் போட்டுத்தான் கணக்கில் வந்தார். டிரோலின் ரொய்ட்டே மாவட்டத்தில் 2020 ஜூன் 10 முதல் அக்டோபர் 31 வரை ஒரு தடை போட்டார்கள். பதிவுத்தாளில் நின்ற நிலைச் சத்தம் 95 டெசிபலுக்கு மேல் உள்ள மோட்டார்கள் லெஹ் பள்ளத்தாக்கு, ஹான்டென்யோஹ் கணவாய் போன்ற அழகான சாலைகளில் போகக்கூடாது. பின்வந்த கோடைகளிலும் அது தொடர்ந்தது. மோட்டார்காரர்கள் கொதித்தார்கள். அதைவிடச் சத்தமான ஸ்போர்ட்ஸ் கார்களை விட்டுவிட்டு எங்களை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கார்களையும் தடுக்க வேண்டும் என்பதைத் தாண்டி அது எதையும் நிரூபிக்கவில்லை.

எங்கள் வாடகை வண்டிகள் 95க்குக் கீழேதான் இருந்தன. சட்டப்படி பிரச்சினை இல்லை. இருந்தும் ஒரு ராத்திரி சாப்பாட்டு மேசையில் பேச்சு அங்கேயே போய் நின்றது. "நாம 4 பேரு வரலன்னா மட்டும் இந்த ஊரு அமைதியாயிடுமாடா?" என்று கேட்டான் ஒருவன்.

பொறியியல் படித்தவனுக்கு இந்த வாதம் ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் கணக்கும் அதற்குத் துணை நிற்கிறது. டெசிபல் மடக்கை அளவு. சத்தம் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல்தான். ஒரு நாளில் 1000 மோட்டார் போகும் சாலையில் இன்னொன்று போனால் அன்றைய சராசரி 0.005 டெசிபல்கூட ஏறாது. எந்தக் காதுக்கும் அது எட்டாது. ஆக, நான் குற்றமற்றவன். என்னைப்போலவே மற்ற 1000 பேரும் குற்றமற்றவர்கள். அப்படியானால் ஜன்னலை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த ஆளுக்கு இதைச் செய்தது யார்?

டெரெக் பார்ஃபிட் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1984இல் வெளியான தன் நூலில் இப்படி ஒரு புதிரை வைத்தார். 1000 சித்திரவதையாளர்கள், 1000 கைதிகள். ஒவ்வொருவரும் ஒரு பொத்தானை ஒரு முறை அழுத்துகிறார்கள். ஒரு அழுத்தலால் எந்தக் கைதிக்கும் உணரக்கூடிய வித்தியாசம் இல்லை. எல்லாரும் அழுத்தி முடித்ததும் 1000 பேரும் துடிக்கிறார்கள். தனித்தனியாக உணர முடியாத தீங்கும் தவறாகலாம் என்பது பார்ஃபிட்டின் முடிவு.

எங்கள் நிலை அதைவிட மோசம் என்று நினைக்கிறேன். பார்ஃபிட்டின் கைதிக்கு ஒரு பொத்தான் தனியாகத் தெரியாது. கிராமத்துக்காரருக்கு ஒவ்வொரு மோட்டாரும் தனித்தனியாகக் கேட்கிறது. கீழே நுழைந்ததிலிருந்து மேலே மறையும்வரை பள்ளத்தாக்கு அதை எதிரொலித்துக்கொண்டே இருக்கும். அவர் காது சராசரியைக் கேட்பதில்லை. சராசரி என்பது நாங்கள் ஒளிந்துகொள்ளக் கண்டுபிடித்த இடம். குளிர்காலத்தில் பனியால் கணவாயை மூடிவிடுவதால், அவர் ஜன்னலைத் திறக்கும் மாதங்களும் நாங்கள் வரும் மாதங்களும் ஒன்றே.

அந்த 95 என்ற எண்ணும் முழு உண்மையைச் சொல்லாது. எக்ஸோஸ் வாயிலிருந்து அரை மீட்டரில் மைக்கை வைத்து, வண்டியை நிறுத்தியபடி, எஞ்சினைக் குறிப்பிட்ட வேகத்தில் ஓடவிட்டு அளப்பது அது. கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடித்து, சாய்ந்து, வெளியே வரும்போது ஆக்ஸிலேட்டரை முறுக்குவதை அது அளக்காது. அந்தச் சத்தம் அவருக்குத் தொல்லை. எனக்கோ பயணத்தின் உச்சமே அந்த 2 விநாடிதான். கிராமத்துக்குள் ஒரு கியர் கூட்டி மெதுவாக உருட்டிப் போகலாம், நாங்கள் போனோம். வளைவுகள் இருப்பது கிராமம் முடிந்த பிறகு, அதற்கு நேர் மேலே.

மின்சார மோட்டாரில் வந்தால் என்ன என்று கேட்டேன். அதே வளைவு, அதே சாய்வு, இன்னும் வேகமான இழுப்பு. "சத்தமில்லன்னா அது மோட்டாரே இல்லடா" என்றான் கூட்டாளி. அவன் பொய் சொல்லவில்லை, நானும் மறுக்கவில்லை. அப்படியானால் சத்தம் எங்கள் இன்பத்தின் பக்கவிளைவு இல்லை; காசு கொடுத்து வாங்கும் பொருளே அதுதான்.

அடுத்த வருஷம் டோலமைட்ஸ் போகலாம் என்கிறான். இங்கே உலு யாம் பக்கம் ஞாயிறு காலை ஓட்டுவதற்கென்று புது எக்ஸோஸ் ஒன்றையும் பார்த்து வைத்திருக்கிறான்.