தானம் கொடுத்த மாட்டின் பல்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். பார்க்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய மாடு நொண்டினால் சந்தைக்குப் போய்ச் சண்டை போடலாம். தானமாக வந்தது நொண்டினால், கொடுத்தவரைக் கும்பிட்டுக்கொண்டே தீனி போட வேண்டியதுதான்.

டென்மார்க்கின் கோல்டிங் நகரில் 1957-இல் காய் வெஸ்டர்கார்ட் ஃப்ராண்ட்சன் தொடங்கியது சீருடை வியாபாரம். 1990-களில் அந்தக் குடும்ப நிறுவனம் நிவாரணப் பொருள்களின் பக்கம் திரும்பியபோது, முதலில் வந்த வாடிக்கையாளர்களில் ஒன்று அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் நிறுவிய கார்ட்டர் மையம். லாப நோக்கம் இல்லாத அமைப்பு. நரம்புச் சிலந்தி நோயைத் தடுக்க அதற்கு வேண்டியிருந்தது தண்ணீர் வடிகட்டும் துணி.

நரம்புச் சிலந்தி நம் ஊர்க் கிழவர்களுக்குத் தெரிந்த நோய்தான். இந்தியாவில் 1996-இல்தான் கடைசி நோயாளி. குளத்து நீரிலுள்ள சின்னஞ்சிறு பூச்சியோடு புழுக்குஞ்சு வயிற்றுக்குள் போகிறது. ஓராண்டு கழித்துக் காலில் கொப்புளம் கிளம்பி, முழத்துக்கும் நீளமான புழு எட்டிப் பார்க்கிறது. அதைக் குச்சியில் சுற்றி, நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. பூச்சியை வடிகட்டிவிட்டுக் குடித்தால் நோய் இல்லை. துணியில் ஒரு கிழிசல் இருந்தால் வடிகட்டியும் இல்லை.

துணியை வாங்கிய மையம் அமெரிக்காவின் அட்லாண்டாவில் இருந்தது, தண்ணீர் குடித்தவர் சூடானில். பணம் நன்கொடையாளருடையது, கால் கிராமத்தாருடையது. இந்த ஏற்பாட்டில் விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் ‘நல்ல மனுஷர்’ என்று பாராட்டிக்கொண்டால் அதற்கான விலையை மூன்றாமவர் கால் கொடுக்கும். ‘சேவைக்குத்தானே, கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன’ என்ற பேச்சை நம்மூர்த் தொழிலதிபர்களிடம் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கும் மின்விசிறியில் றெக்கையைவிடப் பெரிதாக உபயதாரர் பெயர்.

இலவசமே கூடாது என்று சொல்லவில்லை. இதே வேலைக்கு டூபாண்ட் நிறுவனம் நைலான் இழையை நன்கொடையாகவே தந்தது. பருத்தித் துணி சீக்கிரம் அடைத்துக்கொள்கிறது, வேறு துணி வேண்டும் என்று கேட்டு வாங்கினார் கார்ட்டர். பல்லைப் பார்த்தார்.

விற்றவர் மனத்தில் இரக்கம் இருந்ததா, லாபம் இருந்ததா என்று துருவுவது சாமியார்களின் தொழில். நாம் கேட்க வேண்டியது, புழு குறைந்ததா? 1986-இல் உலகில் சுமார் 35 லட்சம் நோயாளிகள். 2024-இல் 15 பேர். துணி மட்டுமே சாதித்ததல்ல. குளத்தில் பூச்சிமருந்து தெளித்தவர்களுக்கும், புழு வந்த காலோடு தண்ணீரில் இறங்காதே என்று வீடு வீடாகச் சொன்ன கிராமத்துத் தொண்டர்களுக்கும் பெரும்பங்கு உண்டு. ஆனால் ஒவ்வொரு நோயாளியையும் எண்ணும் வாடிக்கையாளரிடம் மட்டத் துணியைத் தள்ளிவிட முடியாது.

அதே டென்மார்க் நிறுவனம் 2011-இல் மேற்குக் கென்யாவில் சுமார் ஒன்பது லட்சம் வீடுகளுக்குக் குடிநீர் வடிகட்டியை இலவசமாகவே கொடுத்தது. செலவை மீட்க நம்பியது, குறைத்த புகைக்குச் சான்று பெற்று விற்கும் கார்பன் வரவுகளை: வடிகட்டி இருப்பதால் தண்ணீர் கொதிக்க வைக்க விறகு எரிக்க மாட்டார்கள், அந்தப் புகை மிச்சம் என்பது கணக்கு. அந்த வீடுகளில் பலவற்றில் முன்பும் தண்ணீரைக் கொதிக்க வைத்ததில்லை. வைத்திருப்பார்கள் என்று பாவித்துக்கொள்ள விதி இடம் தந்தது. வடிகட்டி நல்லதாகவே இருக்கட்டும். வரவை வாங்குகிறவருக்கு வேண்டியது புகைக் கணக்கு. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நின்றதா என்று கேட்கும் அவசியம் அவருக்கு இல்லை. கொதிக்காத தண்ணீருக்கு எரியாத விறகு. புண்ணியக் கணக்கு எழுதும் சித்திரகுப்தனுக்குக்கூட இது தோன்றியிருக்காது.

கார்ட்டர் மையத்தைப் போன்ற வாடிக்கையாளரை எந்த வியாபாரியும் பிரியமாக நினைக்க முடியாது. உங்கள் சரக்கு தேவைப்படாத நாளுக்காகவே அது வேலை செய்கிறது. நோய் மனிதர்களிடம் வற்றியபின், ஆப்பிரிக்காவின் சாடு நாட்டில் நாய்களிடம் நூற்றுக்கணக்கில் தென்பட்டது. இப்போது அங்கே நடக்கும் வேலை, நாயைக் கட்டிப்போடச் சொல்வதும் நாய் தின்னாதபடி மீன் குடலைப் புதைக்கச் சொல்வதும். இதில் யாரும் விற்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை.