யாத்திரை எங்கே தொடங்குகிறது?

கதிர்காமத்துக்கான நீண்ட பாதயாத்திரை தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் ஆலயத்தில் தொடங்குவது மரபு. கதிர்காமத்தைப் போலவே வாய் கட்டிப் பூசை நடைபெறுவதால் சின்னக் கதிர்காமம் என்று அடியார்கள் போற்றும் தலம் அது. அங்கிருந்து முல்லைத்தீவு, திருகோணமலை, மூதூர், வெருகல், மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை என்று வந்து, குமண, யால காடுகளைக் கடந்து ஆடிவேல் விழாவின் கொடியேற்றத்துக்குப் போய்ச் சேர ஏறக்குறைய ஒன்றரை மாதம் செல்லும். எமது கட்டைபறிச்சான் இவ்வழியின் நடுப்பகுதியில் உள்ள ஊர். ஆகவே யாழ்ப்பாணத்தாருக்கோ கதிர்காமத்துக்கு அண்மையில் உள்ளவர்களுக்கோ எழாத ஒரு கேள்வி எங்களுக்கு எழுகிறது.

கந்தன் இருப்பது தெற்கே. நாமோ திருகோணமலைக்குப் போய், வவுனியா வழியாக ஒரு பகல் முழுவதும் பஸ்ஸில் குலுங்கி வடக்கே போகிறோம். பிறகு அங்கிருந்து நடந்து சொந்த ஊர்ப் பக்கமே திரும்பி வருகிறோம். வீட்டு வாசலில் இருந்தே நடந்தால் பாதித் தூரம் மிச்சம். அப்படியானால் அந்த பஸ் பயணம் எதற்காக? வாசலில் இருந்து புறப்பட்டவரின் யாத்திரை குறையுடையதா?

இது வெறும் பேச்சுக்காக எழுந்த கேள்வியல்ல. எமது ஆலயக் கூட்டமொன்றில், சந்நிதியிலிருந்து நடந்தவர்களுக்கு மட்டும் பொன்னாடை போர்த்தலாம் என்று ஒரு யோசனை வந்தது. சொன்னவர் பக்திமான், நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் பின்வரிசையில் இருந்த, உகந்தையிலிருந்து வருடா வருடம் காட்டு வழி நடக்கும் ஓர் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். கூலி வேலை செய்து பிழைப்பவர் அவர். என்னைப் போல் மாதாமாதம் ஓய்வூதியம் வங்கியில் விழுகிறவனுக்கு ஒன்றரை மாதம் பெரிய காரியமல்ல. நாட்கூலிக்காரருக்கு அது ஒன்றரை மாதச் சோறு. அவர் விட்டு வரும் பத்து நாட் கூலியை எந்தத் தராசில் வைத்து நிறுப்பது?

அரச கந்தோரில் வேலை செய்தவர்களுக்கு வரவு இடாப்பின் சிவப்புக் கோடு தெரியும். குறித்த நேரத்துக்குப் பின் வந்தவர் கோட்டுக்குக் கீழேதான் ஒப்பமிட வேண்டும். கந்தோருக்கு அது தேவை, இல்லாவிட்டால் பத்து மணிக்கும் கதிரைகள் வெறுமையாகத்தான் இருக்கும். முருகன் அப்படி ஒரு இடாப்பு வைத்திருப்பதாக எந்தப் பெரியவரும் எனக்குச் சொன்னதில்லை.

யுத்த காலத்தை நினைத்துப் பாருங்கள். பல ஆண்டுகளாக யாழ்ப்பாணத்திலிருந்து நடக்க வழியிருக்கவில்லை. திருகோணமலை, மூதூர், வெருகல், மட்டக்களப்பு என்று எங்கிருந்து இயன்றதோ அங்கிருந்து அடியார்கள் புறப்பட்டார்கள். 2002 இல் ஏ9 வீதி திறந்தது, 2006 இல் மறுபடியும் மூடப்பட்டது. அந்தக் காலத்தில் வெருகலில் இருந்து வேலைத் தூக்கிக்கொண்டு நடந்த நாலைந்து பேர் இல்லாவிட்டால் இன்று நாம் பெருமை பேசும் மரபே இருந்திராது.

அதே 2006 இல் மூதூர் கிழக்கு மக்கள் ஈச்சிலம்பற்று, வெருகல், வாகரை என்று ஓடினார்களே, அதுவும் யாத்திரை போகும் வழிதான். கையில் வேல் இல்லை, இடுப்பில் பிள்ளை இருந்தது. முருகா என்று அழைத்தபடிதான் நடந்தார்கள். எங்கிருந்து தொடங்குவது என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. பின்னர் சம்பூர் மக்கள் 2015, 2016 வரை எங்கள் ஊர் முகாமிலும் அயல் முகாம்களிலும் காத்திருந்தார்கள். அந்த வழியை இப்படியும் நடந்த ஓர் ஊரில் நின்று, இவர் முழு யாத்திரை, அவர் அரை யாத்திரை என்று பிரிக்க எனக்கு நா எழவில்லை.

பிற நாடுகளிலும் இக்கேள்வி உண்டு. ஸ்பெயினில் உள்ள சந்தியாகோ தலத்துக்கு முற்காலத்தில் அவரவர் வீட்டு வாசலில் இருந்தே நடந்தார்கள். இன்று பலர் விமானத்தில் பறந்து போய் ஓரிடத்தில் நடக்கத் தொடங்குகிறார்கள். குறைந்தது நூறு கிலோமீற்றராவது நடந்தால்தான் அங்கே சான்றிதழ். ஜப்பானில் சிக்கோக்குத் தீவின் 88 கோயில்களைச் சுற்றுபவர் எந்தக் கோயிலிலும் தொடங்கலாம்.

அதற்காக, சந்நிதிக்கு பஸ் ஏறிப் போவது வீண் என்றும் நான் சொல்ல மாட்டேன். தன் வாசலில் இருந்து தனியே புறப்பட்டவர், நினைத்த இடத்தில் தங்குவார், களைத்தால் திரும்புவார். சந்நிதியில் போய்ச் சேர்ந்தவர் வேலுக்குப் பின்னால் நடக்க வேண்டும். கூட்டம் எழும்பும்போது எழும்பி, கொடுத்ததை உண்டு, படுக்கச் சொன்ன மரத்தடியில் படுக்க வேண்டும். தன் விருப்பத்தை விடுவதற்காகவே அவ்வளவு தூரம் போகிறார். அப்படி விட்டவர் திரும்பி வந்து பொன்னாடையை எதிர்பார்த்தால், விட்டதை வழியிலேயே பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டார் என்றுதான் அர்த்தம்.

பொன்னாடை யோசனை அன்று ஒத்திவைக்கப்பட்டது. ஆலயத்தில் யாத்திரிகர் பதிவேடு எழுதும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. அதில் பெயர், ஊர், அவசரத்துக்கு அறிவிக்க வேண்டிய உறவினர், தொலைபேசி இலக்கம், உட்கொள்ளும் மருந்து ஆகியவற்றுக்கு நிரல்கள் உண்டு. தொடங்கிய இடத்துக்கும் ஒரு நிரல் போடும்படி சிலர் கேட்டார்கள். நான் போடவில்லை.