நியாயமான கோபம் அநியாயம் ஆவது எப்போது?

மார்க்கத்துக்கு அவமதிப்பு நேர்ந்துவிட்டதே என்று மனம் கொதிக்கிறது. அந்தக் கொதிப்பு யார்மீது இறங்கலாம்? யார்மீது இறங்கக் கூடாது? கலவரச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் ஒவ்வொரு முஸ்லிம் குடும்பமும் தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

நிறம் மாறி நடக்கும் திருமணம் ஊரைக் கலக்குவது நமக்குப் புதிதன்று. நமது அடையாற்றுப் பிரம்மஞான சபையைச் சேர்ந்த ஜார்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயரை 1920ஆம் ஆண்டில் ருக்மிணி தேவி மணந்தார். அவருக்கு வயது 16, மணமகனுக்கு 41. சென்னையில் எழுந்த எதிர்ப்பினால் திருமணம் பம்பாயில் நடந்தது. வசைமொழிகளுக்குக் குறைவில்லை. ஆனாலும் உயிர்ப்பலிவரை அது போகவில்லை.

முப்பது ஆண்டுகள் கழித்துச் சிங்கப்பூரில் அது உயிர்ப்பலிவரை போயிற்று. அங்கே கோபப்பட்டவர்கள் நம்மவர்கள். ஆகவே அதை நாம்தான் முதலில் ஆராய வேண்டும்.

1937ல் ஜாவாவில் டச்சுத் தந்தைக்குப் பிறந்தவள் மரியா ஹெர்டோக். தாயார் ஐரோப்பிய, ஆசிய இரத்தம் கலந்த யுரேஷியப் பெண்மணி. இரண்டாம் உலகப் போரில் தந்தை ஜப்பானியரிடம் கைதியானார். 1942ல் குழந்தை அமீனா என்ற முஸ்லிம் பெண்மணியிடம் சேர்ந்தாள். வளர்ப்பதற்கே கொடுத்தார்கள் என்றார் அமீனா. சில நாள் வைத்திருக்கத்தான் கொடுத்தேன் என்றார் பெற்றவர். எப்படியாயினும் அமீனா அவளை நத்ரா என்று பெயரிட்டு, தொழுகை கற்பித்து, சொந்த மகளாகவே வளர்த்தார். போர் முடிந்தபின் பெற்றோர் தேடி வந்தனர். விவகாரம் சிங்கப்பூர் நீதிமன்றம் ஏறியது.

1950 ஆகஸ்ட் 1ஆம் நாள் மன்சூர் அதபி என்ற 22 வயது மலாய் ஆசிரியருக்கும் அவளுக்கும் நிக்காஹ் நடந்தது. அவளுக்கு அப்போது வயது 13. வழக்கின் நடுவே ஒரு சிறுமிக்குச் செய்த அந்த நிக்காஹை நாம் முன்மாதிரியாகக் கொள்ள வேண்டியதில்லை. டிசம்பர் 2ஆம் நாள் நீதிமன்றம், தந்தையின் நாடான ஹாலந்தின் சட்டப்படி அந்தத் திருமணம் செல்லாது என்று கூறி, பெண்ணைப் பெற்றோரிடம் ஒப்படைத்தது. மேல்முறையீடு முடியும்வரை அவளை ஒரு கிறிஸ்தவக் கன்னிமாடத்தில் வைத்தார்கள். மரியன்னை சிலைக்கு முன்னால் அவள் நிற்கும் படங்கள் பத்திரிகைகளில் வெளிவந்தன. முஸ்லிம் உள்ளங்கள் புண்பட்டன. அந்த வருத்தத்தில் நியாயம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. அதிகாரிகளின் கவனக்குறைவைப் பின்னர் அமைந்த விசாரணைக் குழுவே கண்டித்தது.

டிசம்பர் 11ஆம் நாள் மேல்முறையீடு விசாரணைக்கு வந்தது. சில நிமிடங்களிலேயே தள்ளிவைக்கப்பட்டது. வெளியே திரண்டிருந்த கூட்டம் கட்டுக்கடங்காமல் போயிற்று. மூன்று நாள் கலவரத்தில் 18 பேர் மாண்டனர். 173 பேர் காயமுற்றனர். பேருந்தையும் காரையும் மறித்து, வெள்ளை முகம் தெரிந்தவரை இழுத்துப் போட்டு அடித்தார்கள். நீதிமன்றத்துக்குள் ஒருநாளும் கால்வைக்காதவர்கள், அந்தத் தீர்ப்போடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்கள் அடிபட்டார்கள். அந்தச் சிறுமிக்காகப் போராட அமைந்த குழுவின் தலைவர் கரீம் கனி, நேதாஜியுடன் பணிபுரிந்த தமிழ் முஸ்லிம். அவருடைய பேச்சும் எழுத்தும் கொதிப்பைக் கூட்டின என்று சொல்லி அரசு அவரைக் காவலில் வைத்தது.

அந்நிய ஆட்சி அநீதி செய்தால் மக்கள் வேறென்ன செய்வார்கள் என்று சிலர் கேட்கலாம். மேல்முறையீடு இன்னும் முடியவில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஒருவன் செய்த குற்றத்துக்கு இன்னொருவனைப் பொறுப்பாக்கக் கூடாது என்பதும், ஒரு கூட்டத்தார்மீதுள்ள பகை நம்மை நீதி தவறச் செய்யக் கூடாது என்பதும் திருக்குர்ஆனின் தெளிவான கட்டளைகள். பகை இருக்கும் இடத்தில்தானே அந்தக் கட்டளைக்கு வேலை! பகையில்லாதவனிடம் நீதியாக நடப்பதற்குக் கட்டளை எதற்கு?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். யாருக்காகக் கலவரம் நடந்ததோ அந்த நத்ராவும் தாய்வழியில் யுரேஷியப் பெண்தான். அன்று அவள் கவுன் அணிந்து அந்தத் தெரு வழியே சென்றிருந்தால், கலிமா தெரியுமா என்று யார் கேட்டிருப்பார்கள்? தோலைப் பார்த்துத்தான் கை ஓங்கியிருப்பார்கள். மார்க்கத்தின் பெயரால் தொடங்கிய கோபம் மார்க்கத்தைக் கேட்காமல் நிறத்தைப் பார்க்கத் தொடங்கியபோதே, அது ஜாஹிலிய்யாவின் இனவெறியாகிவிட்டது. பெருமானார் (ஸல்) அவர்கள் அதைத்தான் தம் காலடியில் போட்டு மிதித்தார்கள்.

இது எங்கோ நடந்த பழங்கதை என்று விட்டுவிட முடியாது. அடையாற்றுக்குத் தெற்கே சற்றுத் தொலைவிலுள்ள பள்ளிக்கரணையில், 2024 பிப்ரவரியில், சாதி மாறி மணம் முடித்த ஓர் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். பெண்ணின் அண்ணன் உள்ளிட்டோர் கைதாயினர். ஆளைப் பாராமல் அவனுடைய கூட்டத்தைப் பார்ப்பதுதான் அங்கும் நோய்.

நம் வீடுகளில் அந்த நோய் அறவே இல்லையா? மணம் பேசும்போது ராவுத்தரா, மரைக்காயரா, லெப்பையா, உருது பேசுகிறவரா என்று விசாரிக்கிறோம். நிறம் கறுப்பு என்று பெண்ணைத் தட்டிக்கழிக்கிறோம். கேட்டால், குஃபு பார்க்கச் சொல்லி ஃபிக்ஹு நூல்களிலேயே இருக்கிறதே என்கிறோம். இருப்பது உண்மை. ஆனால் அது பெண்ணுக்கும் வலீக்கும் உள்ள உரிமை. அவர்கள் மனமொப்பி விட்டுக்கொடுத்தால் நிக்காஹ் கூடும். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் மார்க்கப் பற்றையே முதன்மையாகக் கொண்டார்கள். மேலும், குறைஷிக் குலத்து ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களுக்கு உஸாமா (ரலி) அவர்களை மணக்கும்படி ஆலோசனை கூறியவர்கள் நபி (ஸல்) அவர்களே. உஸாமாவின் தந்தை அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்றவர். தாயார் அபிசீனியப் பெண்மணி. முதலில் தயங்கிய ஃபாத்திமா, பிறகு அந்த வாழ்வில் பிறர் பொறாமைப்படும் அளவுக்கு நன்மை கண்டார்கள்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளைகள் முன்னால் இன்னார் இனத்தார் இப்படித்தான் என்று பேசாதீர்கள். தெருவில் ஓங்கும் கைக்கு வீட்டுத் திண்ணையில்தான் பயிற்சி கிடைக்கிறது. கோபம் வரும்போது, தவறு செய்தவர் யார் என்று பெயரைக் கேளுங்கள், இனத்தைக் கேட்காதீர்கள். பெயர் தெரியவில்லையானால் கையை மடக்கிக்கொள்ளுங்கள்.

கோபத்திலும் நீதி தவறாத கூட்டத்தில் அல்லாஹ் நம்மைச் சேர்த்தருள்வானாக! ஆமீன்.