கண்ணைக் குத்தாத சாமி

"தப்புப் பண்ணினா சாமி கண்ணைக் குத்தும்." நெய்வேலியை ஒட்டிய எங்கள் வடக்குத்தில் இதைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை இருக்காது. அந்தச் சாமிக்கு இப்போது ஒயர் இழுத்தாகிவிட்டது. கரண்டு நம் ஊர்ப் பழுப்பு நிலக்கரியிலிருந்தே கிடைக்கிறது என்பது கூடுதல் பெருமை.

2025 ஜூலையில் சிபிஎஸ்இ தன் பள்ளிகளுக்கு உத்தரவு போட்டது. வாசல், மாடிப்படி, வகுப்பறை, நூலகம், கேண்டீன், மைதானம் எங்கும் கேமரா வேண்டும்; கழிப்பறைக்கு மட்டும் விலக்கு. படத்தோடு பேச்சும் பதிவாக வேண்டும், 15 நாளாவது அதை வைத்திருக்க வேண்டும்.

அந்தப் பேச்சுதான் என்னை உறுத்துகிறது. குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் மிகப் பெரும்பாலான குற்றவாளிகள் தெரிந்தவர்களே என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. அப்படித் தெரிந்தவன் மதிலேறிக் குதிப்பதில்லை. வணக்கம் வாங்கிக்கொண்டு வாசல் வழியாக வருகிறான். அவனைப் பற்றி ஒரு சிறுமி, பிடித்த டீச்சரிடம் நூலக மூலையில் வாய் திறக்க வேண்டும். மைக் கேட்டுக்கொண்டிருந்தால் திறப்பாளா? பதிவு அறையின் சாவி அவனிடமே இருக்கலாம் என்ற பயம் போதும், அவள் வாயை மூட.

நெய்வேலிக்குக் கண்காணிப்பு புதிதல்ல. என்எல்சி நிலக்கரி நிறுவன வாசலில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை நிற்கிறது. அங்கே அத்துமீறல் நடந்தால் கேட்கத் தொழிலாளிக்குச் சங்கம் உண்டு. நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு எந்தச் சங்கம்?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் சொன்னார்கள். வயது வரம்பு போடவில்லை. குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது என்றது 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். பாதுகாப்பின் பெயரால் பள்ளிகளுக்கு விலக்குக் கொடுத்தன அதன் 2025 விதிகள். சுவீடனிலோ, ஒரு பள்ளி வருகைப்பதிவுக்காக 22 மாணவர்களின் முகத்தைக் கேமராவில் அடையாளம் கண்டது. பெற்றோர் சம்மதித்திருந்தும், பள்ளியை நம்பியிருப்பவர்கள் தரும் சம்மதம் செல்லாது என்று 2019இல் 2 லட்சம் குரோனா அபராதம் விதிக்கப்பட்டது.

வாசலில் கேமரா இருக்கட்டும், பள்ளி பஸ் நிற்கிற இடத்திலும் இருக்கட்டும். ஆனால், யாரும் பார்க்காதபோதும் பக்கத்துப் பையனின் பென்சிலைத் தொடாதிருக்கக் கற்றுத்தருவது பள்ளியின் வேலை. அந்தப் பாடம் நடக்க, யாரும் பார்க்காத கொஞ்ச நேரம் வேண்டாமா?

பெற்றோர்களே, அடுத்த கூட்டத்தில் மார்க்கைப் பற்றிக் கேட்கும் முன் ஒன்று கேளுங்கள்: நேற்றைய பதிவைப் போட்டுப் பார்த்தவர் யார்? அவர் கையெழுத்துப் போட்ட நோட்டு எங்கே?