சிவகோசரியார் நமக்குச் சொல்லும் பாடம்



கண்ணப்ப நாயனார் கதை நமக்கெல்லாம் தெரியும். அவர் கண்ணைப் பெயர்த்து அப்பிய இடத்தில் உருகாதவர் இல்லை. இன்று நான் பேச வந்தது சிவகோசரியாரைப் பற்றி.

அவர் கெட்டவர் இல்லை. ஆகமம் தவறாமல் பூசை செய்தவர். காளத்தியில் இறைவன் முன்னே இறைச்சி கிடப்பதைப் பார்த்துத் துடித்தார். யாரோ வேடன் செய்த அநியாயம் என்று முடிவு கட்டினார். செய்தவனைப் பார்க்கவில்லை; அவன் அன்பையும் பார்க்கவில்லை. இறைவன் அவரைத் திட்டினாரா? இல்லையே! கனவில் வந்து, நாளைக்கு ஒளிந்திருந்து பார் என்றார்.

நானும் ஒரு சிவகோசரியார்தான். எங்கள் கம்பெனிக்கு டெக்னீஷியன் எடுக்கும்போது விண்ணப்பங்களைப் பிரிக்கும் பொறுப்பு என்னுடையது. ஒரு தமிழ்ப் பையனின் முகவரியைப் பார்த்தேன். 'அந்த ஃபிளாட் பசங்களா, வம்பு வேணாம்' என்று ஓரமாக வைத்துவிட்டேன். பத்து விநாடிகூட ஆகியிருக்காது. பக்கத்திலிருந்த மலாய்க்கார நண்பர் கேட்டார்: "நாம கேட்ட சர்டிபிகேட் இருக்கு, அனுபவமும் இருக்கு. அப்புறம் ஏன்?" என்னிடம் பதில் இல்லை.

இந்தியர் என்பதால் வாடகை வீடு மறுக்கப்பட்டவன் நான். அன்று எவ்வளவு அழுதேன்! அதையே நானும் செய்தேனே. அந்தத் தம்பியைக் கூப்பிட்டோம், வேலையும் கொடுத்தோம். ஆனால் அதற்கு முன்னால் நான் ஒதுக்கிய பிள்ளைகளை எங்கே போய்த் தேடுவேன்?

வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே வைத்தார். நம்ம ஆளு என்று கண்ணை மூடி எடுப்பதும் தப்பு. வேண்டாத ஆளு என்று பார்க்காமல் தள்ளுவதும் தப்பு.

இப்போது நான் செய்வது இதுதான். வேலைக்கு என்ன தேவை என்பதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். பெயர், படம், முகவரி மூன்றையும் மறைத்துவிட்டு விண்ணப்பத்தைப் படிக்கிறேன். நேர்முகத்தில் எல்லாரிடமும் ஒரே கேள்விகள். கூடிப் பேசுவதற்கு முன்பே அவரவர் தனித்தனியாக மதிப்பெண் போடுகிறோம். காளத்தியில் பார்ப்பவர் ஒளிந்தார். நம்ம ஆபீசில் பெயர் ஒளியட்டும்.

நாளைக்கு உங்கள் மேசைக்கும் விண்ணப்பங்கள் வரும். ஒன்றைத் தள்ளி வைக்கும்போது, 'ஏன்?' என்று உங்களையே ஒருமுறை கேளுங்கள். பதில் வரவில்லை என்றால், அதைத் திரும்பக் கையில் எடுங்கள்.

திருச்சிற்றம்பலம்.