பெருமூச்சு செய்யும் வேலை

மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள மென்தசை இறுகினால் காற்றுவழி குறுகும். எவ்வளவு குறுகும் என்பதை, அசையாத தசையாக வைத்துக் கணக்கிட்டால் விடை தப்பும்; ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரல் அதை இழுக்கிறதே! மென்தசையில் மயோசின் என்ற புரதம் ஆக்டின் என்ற புரதத்தைப் பிடித்து விடுவதை 1988-இல் ஹாய், மர்ஃபி என்ற ஆய்வாளர்கள் இருவரும் நான்கு நிலைகளாகச் சமன்பாட்டில் எழுதினார்கள். பின்னர் ஆய்வாளர் ஜெஃப்ரி ஃப்ரெட்பெர்க்கின் குழு அதில் மூச்சின் இழுவையையும் சேர்த்தது: ஒவ்வோர் இழுப்பும் சில பிடிகளை அறுக்க, தசை இளகியே இருக்கிறது.

1995-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள், ஆரோக்கியமானவர்களைப் பெருமூச்சு போன்ற ஆழமூச்சு எடுக்கவிடாமல், காற்றுவழியைச் சுருக்கும் மெத்தகோலினைக் கொடுத்தார்கள். அவர்களுக்கும் ஆஸ்துமாக்காரர்களைப் போலவே மூச்சுக்குழாய் சுருங்கியது. ஆரோக்கியமானவர்களுக்கு ஆழமூச்சே தசையை இளக்கிவிடுகிறது. கடும் ஆஸ்துமாவிலோ தசை விறைத்துப்போய், ஆழமூச்சுக்கும் எளிதில் மசிவதில்லை.